வாடகைக் கணினியும் நம் வீட்டுப் பிள்ளையும்



அண்மையில் பெற்றோர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, பையன் பெரிய பெரிய கணினியை எல்லாம் ஓட்டுற பொறியாளரா வரணுங்கிறான். அந்தக் கணினிய வாங்க நமக்கு எங்கே வசதி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதை யாரும் வாங்க வேண்டியதில்லை.

விடியற்காலையில் மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது. நாளை மழை வருமா என்று அறிய, காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றைக் கொண்டு கோடி கோடியாகக் கணக்குப் போட வேண்டும். மழை பெய்து ஓய்ந்தபின் விடை வந்து என்ன பயன்? ஆகவே ஒரே கணக்கைக் கூறு போட்டு, நூற்றுக்கணக்கான கணினிகளிடம் ஒரே நேரத்தில் ஒப்படைக்கிறார்கள். காட்டை நிரை நிரையாகப் பிரித்துப் பலருக்குக் கொடுக்கிறோமே, அதைப் போலத்தான். ஒருவர் பிந்தினால் பால் லோரி அவருக்காகக் காத்து நிற்கும் அல்லவா? இங்கும் அதே தொல்லை. அதுமட்டுமன்று. சில வேலைகளைப் பிரிக்கவே முடியாது. சீவிய பிறகுதானே பால் வடியும்! பத்தில் ஒரு பங்கு வேலை அப்படிப்பட்டதாக இருந்தால், எத்தனை ஆயிரம் கணினிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. இந்த உண்மைக்கு வழிகாட்டியவர் ஜீன் அம்டால் என்ற அமெரிக்கர், ஆண்டு 1967. எதைப் பிரிக்கலாம், எங்கே தடைபடுகிறது என்று கண்டறிந்து சரிசெய்வதே நாம் சொல்லும் பொறியாளரின் வேலை.

1976-இல் வந்த கிரே-1 போன்ற கணினிகள் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே கட்டுப்படியாயின. 2006-இல் அமேசான் நிறுவனம் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 'மேகக் கணினி' என்பது இதுதான். பெயர்தான் மேகம், இயந்திரங்கள் ஏதோ ஒரு கட்டடத்தில் தரையில்தான் நிற்கின்றன. வேலை முடிந்தபின் நிறுத்த மறந்தால், வாடகைக் காரின் மீட்டர் போல் பணம் ஏறிக்கொண்டே போகும். அதைக் கவனிப்பதும் இவர் பொறுப்பே.

இனி, வழி. இடைநிலைப் பள்ளியில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் எடுப்பது நல்லது. பிறகு ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன் அல்லது டிப்ளோமா; அதன்பின் கணினித் துறையில் பட்டம். படித்து முடித்ததும் இந்தப் பதவி கிடைத்துவிடாது. பலர் முதலில் கணினிகளைப் பராமரிப்பவராகவோ நிரல் எழுதுபவராகவோ சில ஆண்டுகள் உழைத்த பின்னரே இங்கு வருகிறார்கள். கல்விக் கடன் எடுத்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் முதலிலேயே பிள்ளையிடம் பேசிவிடுங்கள்.

ஜொகூரில் கூலாய்ப் பக்கம் எழும்பும் தரவு மையங்களைக் கண்டு, "வேலை வாசலுக்கே வந்துவிட்டது" என்று சிலர் மகிழ்கிறார்கள். நாம் அவ்வளவு அவசரப்பட மாட்டோம். அக்கட்டடங்களுக்குள் மின்சாரம், குளிரூட்டல் பார்ப்பவர்களே அதிகம் தேவை. அதுவும் நல்ல தொழில்தான்; ஆனால் படிப்பு வேறு. கணக்கைக் கூறு போடும் பொறியாளர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ அமர்ந்தபடியே அந்த இயந்திரங்களை இயக்கலாம்.

அந்தப் பையன் இப்போது பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் மென்பொருளை ஏற்றிப் பழகி வருகிறான். இத்துறையின் பெரிய கணினிகளில் ஓடுவதும் அதுவே, விலையும் இல்லை. கூடுதல் கணிதத்தில்தான் இன்னும் தடுமாறுகிறான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி, விடுமுறைக்கு வரும்போது சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.