பனியாற்றின் மேல் ஒரு கூடாரம்

விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறியதைப் படித்துவிட்டு, சிதம்பரம் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "வாரக்கணக்கில் பனிக்கட்டி மேல் படுத்தால், உடம்புச் சூட்டில் அது உருகி, ஆளோடு கூடாரம் உள்ளே இறங்கிவிடாதா?"

அருமையான கேள்வி. ஆனால் நடப்பது நேர்மாறு.

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில், கும்பு பனியாற்றின் மேலேயே இருக்கிறது. மேலே கல்லும் சரளையும், அடியில் கெட்டிப் பனி. கொத்திச் சமன் செய்து, தட்டைக் கற்களைப் பரப்பிக் கூடாரம் போடுகிறார்கள். மேல் முகாம்களில் வெறும் பனியாக உள்ள இடங்களில் முளை நிற்காது. பைகளில் பனியை அடைத்து, குழியில் புதைத்து, மிதித்து இறுக்கி, அவற்றில் கயிற்றைக் கட்டுகிறார்கள்.

படுக்கையில் போர்வையைவிடப் பாய்தான் முக்கியம். தூக்கப்பையின் அடிப்பக்க இறகு உடம்பின் கனத்தில் நசுங்கிவிடும். அதிலிருக்கும் காற்று போனால் கதகதப்பும் போய்விடும். அதனால் கீழே நுரைப்பாய், அதன்மேல் காற்றடைத்த மெத்தை. உடம்புச் சூடு பனிக்குப் போவது மிகக் குறைவு.

இனி எனக்குப் பிடித்த விநோதம். வெயில் ஏற ஏறச் சுற்றிலுமுள்ள பனி உருகி இறங்குகிறது. கூடாரத்தின் நிழலில் உள்ள பனி மட்டும் அப்படியே நிற்கிறது. சில வாரங்களில் கூடாரம் ஒரு பனி மேடையின் மேல் நிற்கும். பிரித்து, வேறிடத்தில் கொத்தி, மறுபடி போட வேண்டும். நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் அடைமழைக்குப் பிறகு குனிந்து பார்த்திருக்கிறேன்: ஒவ்வொரு கூழாங்கல்லும் விரற்கடை உயர மண்தூணின் உச்சியில் இருக்கும். அங்கே மழை செய்வதைப் பனியாற்றில் வெயில் செய்கிறது. பெரும்பாறைகளும் இப்படிப் பனிக்கால் மேல் ஏறி நிற்கும். வெயில் தெற்கிலிருந்து விழுவதால் தென்பக்கம் கூடுதலாகக் கரையும்; பாறை தெற்கே சாய்ந்து ஒருநாள் சரிந்துவிடும்.

பொடித் தூசிக்கு வேறு விதி. பாறையின் தடிமன் வெயிலைத் தடுக்கிறது. கறுத்த தூசியோ சூட்டை வாங்கி உடனே பனிக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் துளையிட்டதுபோல் உள்ளே இறங்குகிறது. முகாம்களின் மண்ணெண்ணெய் அடுப்புப் புகையின் கரியும் பனியைக் கறுக்கவைத்து உருக்கத்தான் செய்கிறது.

சியாச்சின் பனியாற்றில் 1984 ஏப்ரல் முதல் நம் வீரர்கள் ஆண்டு முழுதும் பனிமேல் வாழ்கிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பின்றி அங்கே உயிர் தங்காது. அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. விரும்பி, பணம் கட்டி எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் கதை வேறு. அந்தக் குளிரில் எதுவும் மக்காது. மேல் முகாம்களில் விட்டுவந்த மலமும், கிழிந்த கூடாரமும், காலி டப்பாவும் பனியோடு நகர்ந்து, என்றோ ஒருநாள் கீழே வெளிப்படும். அது சேர்வது ஊர்கள் குடிக்கும் ஆற்றில்.

ஏறுகிறவர் ஒவ்வொருவரும் 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014இல் நேபாளம் விதித்தது. மலத்தைப் பையில் கட்டி இறக்குவது கட்டாயமானது 2024இல்தான். எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங்கும் உச்சியைத் தொட்டு அதற்குள் 71 ஆண்டுகள் ஓடிவிட்டன.