அளவு நாடா – 9: செடி எங்கே முடிகிறது?

புதுச்சேரி கோரிமேட்டில் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாமல் கிடக்கும் மனையில் ஒரு காரைச்செடி நிற்கிறது. செம்மண்ணும் சரளையுமான மேடு. தண்ணீர் ஊற்ற நாதியில்லை. போன தை மாதம் தையல் நாடாவோடு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அளந்ததில் அகலம் 142 செ.மீ. அவன் அளந்ததில் 131. "மாமா, செடி எங்க முடியுது? முள்ளு நுனியிலயா, எலை இருக்கற எடத்துலயா?" என்றான். பதில் தெரியாமல் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டேன்.

அரிசோனாவில் டூசான் ஊரை ஒட்டிய டுமமாக் குன்றில் இதே கேள்வியோடு நூறு வருஷத்துக்கு மேல் அல்லாடியிருக்கிறார்கள். கார்னெகி நிறுவனம் அங்கே பாலைவன ஆய்வுக்கூடம் அமைத்தது 1903-ல். 1906-ல் வோல்னி ஸ்பால்டிங் நிலத்தைச் சதுரம் சதுரமாகக் குறித்து, உள்ளே இருந்த செடிகளைத் தாளில் வரைந்தார். பின்னால் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் அதைத் தொடர்ந்தார். ஸ்பால்டிங் குறித்த சதுரங்கள் சிலவற்றில் நூறாண்டு கழித்தும் செடி எண்ணியிருக்கிறார்கள். பாலைப் புதருக்கு அடிமரம் என்று ஒன்று இல்லை. உயரத்தையும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அகலங்களையும் எடுப்பதுதான் வழக்கம். வறட்சியில் கிளை காய்ந்து உதிர்ந்தால் அடுத்த முறை எண் குறையும். அது பிழையல்ல, செடியின் கதை.

நம்மூருக்கு வருவோம். கடற்கரைக்குப் பக்கத்தில், செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் குடகு மலையின் உப்பங்களாக் காட்டில் 1990 வாக்கில் தொடங்கி மரங்களை அளந்து வருகிறது. பாலையும் அல்ல, புதரும் அல்ல. ஆனால் தலைவலி ஒன்றேதான். நிழலில் நிற்கும் சிறுமரம் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டம் பருத்தாலே பெரிது. சுற்றளவில் அது மூன்று மில்லிமீட்டர். நாடா கொஞ்சம் சரிந்தாலோ, பாசிமேல் படிந்தாலோ, போனமுறை பிடித்த இடத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்தாலோ அந்த மூன்று மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். அளக்கப்போகும் வளர்ச்சியைவிட அளப்பவர் கை பெரியது.

அதனால்தான் மரம் சுருங்கிவிட்டதாகக் காட்டும் எண்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்ததும் அடித்துவிடத் தோன்றும். மரம் எங்காவது சுருங்குமா? சுருங்கும், கோடையில் பட்டை நீர் வற்றி இறுகும். சரி, அது வெறும் பிழை என்றே வைத்துக்கொள்வோம். நாடா தவறினால் கூடுதலாகவும் காட்டும், குறைவாகவும் காட்டும். கூடுதலாகக் காட்டியது "நல்ல வளர்ச்சி" என்று தப்பித்துக்கொள்ளும். குறைந்தது மட்டும் மாட்டிக்கொள்ளும். குறைந்ததை மட்டும் களைந்தால் காடு உண்மையில் வளர்ந்ததைவிட வேகமாக வளர்ந்ததாகக் கணக்கு வரும். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தப் பொய்யைப்போல் கண்டுபிடிக்கச் சிரமமானது வேறில்லை.

முதுமலையில் ராமன் சுகுமார் குழு 1988-ல் தொடங்கிய 50 ஹெக்டேர் பரப்பில் ஒரு செ.மீ. விட்டமுள்ள தண்டுக்குக்கூட எண் உண்டு. அங்கே யானை ஒடித்துப்போட்ட மரம் அடியிலிருந்து துளிர்த்து, சுண்டுவிரல் பருமனில் மறுபடி கணக்குக்கு வரும். ஒடிந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இல்லாவிட்டால், பத்து வருஷம் கழித்துப் படிப்பவர் அதை எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்.

பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. வைத்திருந்தால் பெரிய தவறு அங்கேயே தெரியும்; ஆனால் கண் பழைய எண்ணை நோக்கியே வழுக்கும். என் கட்சி: முதலில் பார்க்காமல் அளந்து எழுதிவிட வேண்டும். பிறகு ஒப்பிட்டு, சந்தேகமிருந்தால் இன்னொருவர் அளக்கட்டும். முதல் எண்ணை மட்டும் அழிக்கக் கூடாது.

வீட்டு வேம்பை அளக்க நினைக்கும் வாசகர்கள் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடங்குங்கள். தேதியோடு, அளந்தவர் பெயரையும் எழுதிவையுங்கள்.