மரம் வடிக்கும் பொருள்கள்: பெயரும் பயனும்

மரங்களினின்று வடியும் பொருள்கள் யாவற்றையும் ‘பிசின்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது பலருக்கு வழக்கம். ஆயினும் நம் முன்னோர் இவற்றிற்குத் தனித்தனிப் பெயரிட்டது வீணன்று. பெயர் வேறானால் தன்மையும், எடுக்கும் முறையும் வேறாகும். சிற்சில வேளைகளில் மரத்தின் உயிரே இவ்வேற்றுமையை அறிவதில் அடங்கியுள்ளது.

சாறு: வேர் உறிஞ்சும் நீர், வைரம் பாயாத வெளிற்றின் வழியாக மேலேறுகிறது. இலைகள் சமைத்த உணவு உட்பட்டையின் வழியாகக் கீழிறங்குகிறது. ஆதலால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடின், வேர் உணவின்றி வாடி மரம் பட்டுப்போகும்.

பதநீர்: பனம்பாளையைச் சீவ வடியும் இனிப்புநீர் இது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளியாது, காய்ச்சினால் கருப்புக்கட்டியாகும். சுண்ணாம்பின்றி விட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும்.

பால்: ஆல், பலா, ரப்பர் முதலியவற்றில் வெண்ணிறமாய் ஒழுகுவது. இது மேற்கூறிய சாறன்று, தனிக்குழாய்களில் தங்குவது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பட்டையை மட்டும் மெல்லியதாய்ச் சீவிப் பால் எடுப்பர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள வளரும் படலத்தில் கத்தி பட்டால், புதுப்பட்டை கரடுமுரடாகிப் பின்னர்ப் பால்வெட்டுதல் கடினமாம்.

பிசினும் குங்கிலியமும்: இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிது. சிறு துண்டை நீரில் இடுக. கருவேலம் பிசின் கரையும். முருங்கைப் பிசின் ஊறி உப்பும். குங்கிலியமோ நீரில் கரையாது. தணலிலிட்டால் உருகி நறும்புகை எழுப்பும். முன்னது ஒட்டுப்பசைக்கும் மருந்துக்கும், பின்னது தூபத்திற்கும் வார்னிஷுக்கும் உரியன. அரக்கு இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது.

நோயால் வடிவது: மிராசுதார்கள் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது இதுவே. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் அடித்தண்டில் பிசின் கசிந்தால், அதை இயற்கையென்று விட்டுவிடலாகாது. தண்ணீர் தேங்கும் நிலத்தில் ஒருவகைப் பூசணத்தால் வரும் நோய் அது. பட்டை அழுகித் தண்டைச் சுற்றிவிடின், முன்சொன்ன காரணத்தால் மரம் மடியும். தென்னையின் தண்டு வெடிப்பிலிருந்து செம்பழுப்பு நீர் ஒழுகுவதும் நோயே.

இவ்விரண்டிலும் கெட்ட பாகத்தை நல்ல பாகம் தெரியுமட்டும் செதுக்கி நீக்கி, செதுக்கியவற்றைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். பின்னர்ப் போர்டோ பசையைப் பூசுக. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ ஆகியவற்றைத் தனித்தனியே நீரில் கரைத்து, மொத்தம் 10 லிட்டர் நீராகும்படி கலந்தால் இப்பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் உதவாது. மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ கொள்க. எலுமிச்சைக்குப் பாய்ச்சும் நீர் தண்டைத் தொடாதவாறு அடிமரத்தைச் சுற்றி மண் அணைத்து, அதற்கு வெளியே பாத்தி கட்டுவது நலம்.

கிராம அலுவலர்களும் மர மகசூலைப் பற்றி எழுதுங்கால், பாலா, பிசினா, நோய்க்கசிவா என்று பிரித்துக் குறிப்பார்களாயின், ஏலம் எடுப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் வீண் வழக்கு நேராது. நோயுற்ற மரமும் காலத்தே காக்கப்படும்.