ஜடேஜா கை மாறினார்! ஆட்டக்காரரைக் கேட்காமல் மாற்ற முடியுமா?

செம்பாக்கத்தில் ஒரு வீடு. 2025-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி, சனிக்கிழமை. வீட்டுப் பையன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான். சட்டையின் முதுகில் 8 என்ற எண். அது ஜடேஜாவின் எண். பையனின் முகம் வாடியிருக்கிறது.

"அப்பா! ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டாங்களாம்பா!"

"ஆமாண்டா. அவருக்குப் பதிலா சஞ்சு சாம்சன் நம்ம பக்கம் வர்றார்" என்கிறார் அப்பா.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு இது புரியவில்லை.

"சந்தையிலே மாட்டை மாத்திக்கிற மாதிரி மனுஷனை மாத்திக்குவாங்களா? அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று கேட்கிறார்.

அன்று இப்படிப் பேசிக்கொண்ட வீடுகள் எத்தனையோ! செம்பாக்கத்தில் இருந்து வேளச்சேரிக்கு பஸ். அங்கிருந்து பறக்கும் ரெயில். இறங்கினால் சேப்பாக்கம் மைதானம். அங்கே மஞ்சள் சட்டைக்காரர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்காதா?

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடுவோம்.

யார் கொடுத்தார்கள்? யார் வாங்கினார்கள்?

ஐ.பி.எல். என்ற கிரிக்கெட் போட்டி 2008-ம் ஆண்டு தொடங்கியது. ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். ஏலத்தில் எடுக்கும் தொகை அந்த ஆட்டக்காரரின் சம்பளம் ஆகிறது.

ஏலம் தவிர இன்னொரு வழியும் உண்டு. போட்டி இல்லாத மாதங்களில் இரண்டு அணிகள் தங்களுக்குள் பேசி, ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். பணம் மட்டும் கொடுத்தும் வாங்கலாம்.

மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த அஸ்வின் இப்படித்தான் 2019-ம் ஆண்டு பஞ்சாப் அணியில் இருந்து டெல்லி அணிக்குப் போனார். 2023-ம் ஆண்டு ஹர்திக் பாண்ட்யா குஜராத் அணியை விட்டு மும்பை அணிக்குத் திரும்பினார்.

2025-ம் ஆண்டு நடந்தது பெரிய மாற்றம். ராஜஸ்தான் அணியின் கேப்டன் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். அவர் சம்பளம் 18 கோடி ரூபாய். சென்னையில் இருந்து ஜடேஜாவும், இங்கிலாந்து வீரர் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியில் இருந்து 14 கோடியாகக் குறைந்தது. சாம் கரனுக்கு 2 கோடியே 40 லட்சம்.

ஒருவர் வர, இருவர் போனார்கள். கணக்கு அணிகளுக்குச் சரியாக இருக்கலாம். ரசிகர்களின் மனம் கணக்குப் பார்க்குமா?

சென்னைக்காக 12 ஆண்டுப் போட்டிகளில் ஆடியவர் ஜடேஜா. 2023-ம் ஆண்டு இறுதி ஆட்டத்தை யார் மறப்பார்கள்? ஆமதாபாத்தில் மழை. நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சர் அடித்தார். அடுத்த பந்தில் ஒரு பவுண்டரி! கோப்பை ஐந்தாவது தடவையாக சென்னைக்கு வந்தது.

அப்படிப்பட்டவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பிவிட முடியுமா?

முடியாது. ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் மாற்றம் செல்லும் என்பது விதி. கிரிக்கெட் வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

இந்த "சம்மதம்" என்ற சொல் சின்னச் சொல்தான். ஆனால் அதற்காக உலகத்தின் மறுகோடியில் ஒருவர் தன் பிழைப்பையே இழந்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

"நான் விலைப் பொருள் அல்ல!"

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதிலும் மட்டை உண்டு, பந்து உண்டு. மட்டை உலக்கை போல உருண்டையாக இருக்கும். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

அந்த ஆட்டத்தில் ஒரு பழைய விதி இருந்தது. ஓர் அணியில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவர் அந்த அணிக்கே சொந்தம். வேறு அணிக்கு அவராகப் போக முடியாது. ஆனால் அணி நினைத்தால் அவரை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். பிடிக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான்.

கர்ட் பிளட் என்பவர் செயிண்ட் லூயிஸ் அணியின் சிறந்த ஆட்டக்காரர். 12 ஆண்டுகள் அந்த அணிக்காக ஆடினார். 1969-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அவருக்கு ஒரு டெலிபோன் வந்தது. "உங்களை பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டோம்" என்றார்கள். அவரை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை!

அவருக்கு அப்போது வயது 31. ஆண்டுச் சம்பளம் 90 ஆயிரம் டாலர். அந்த நாளில் அது பெரிய பணம். "பேசாமல் போனால் என்ன?" என்று பலர் கேட்டார்கள்.

அவர் போகவில்லை. கறுப்பர் இனத்தில் பிறந்தவர் அவர். மனிதரை மனிதர் விற்ற கொடுமையை அவருடைய முன்னோர்கள் அனுபவித்தவர்கள். சம்பளம் அதிகம் என்பதற்காக அடிமைத்தனம் நியாயம் ஆகிவிடாது என்பது அவர் வாதம். 1969-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். "என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் பொருள் அல்ல" என்பது அதன் சாரம். அடுத்த மாதம் வழக்குத் தொடுத்தார்.

அவருக்காகப் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சாட்சி சொன்னார்கள். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. பிழைப்புப் போய்விடுமே என்ற பயம்!

1972-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் எதிராகவும், 3 நீதிபதிகள் ஆதரவாகவும் தீர்ப்புக் கூறினார்கள். பிளட் தோற்றார். அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துவிட்டது.

ஆனால் அவர் வைத்த நெருப்பு அணையவில்லை. 1973-ம் ஆண்டு புது விதி வந்தது. பெரிய போட்டிகளில் 10 ஆண்டு ஆடி, கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்தவரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. 1975-ம் ஆண்டு வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் வழக்கில் ஒரு நடுவர் பழைய விதியையே உடைத்தார். ஒப்பந்தம் முடிந்தவர் வேறு அணியைத் தேடிப் போக வழி பிறந்தது.

பிளட் 1997-ம் ஆண்டு காலமானார். மறு ஆண்டு அவர் பெயராலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மரம் நட்டவர் ஒருவர். பழம் தின்றவர்கள் மற்றவர்கள்!

ஜடேஜா பட்ட பாடு

ஒப்பந்தம் என்பது ஒரு பக்கம் மட்டும் கட்டும் கயிறு அல்ல. ஆட்டக்காரரையும் அது கட்டும். இதை ஜடேஜாவே இளம் வயதில் அனுபவித்தார்.

2008-ம் ஆண்டு, 19 வயதில், அவர் முதன் முதலாகச் சேர்ந்தது ராஜஸ்தான் அணியில்தான். அந்த ஆண்டே அந்த அணி கோப்பையை வென்றது. பிறகு தகராறு வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடாமல், வேறு அணியுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2010-ம் ஆண்டு முழுவதும் ஐ.பி.எல்.லில் ஆடக் கூடாது என்று தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. ஓர் ஆண்டு வருமானம் போயிற்று!

ஆனாலும் அவர் துவண்டுவிடவில்லை. 2011-ம் ஆண்டு கொச்சி அணி அவரை எடுத்தது. 2012-ம் ஆண்டு ஏலத்தில் சென்னை அணி 20 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதுதான் அதிகத் தொகை.

இங்கிலாந்தின் ஹாரி புரூக் கதையும் இப்படித்தான். டெல்லி அணி அவரை 6 கோடியே 25 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தது. 2025-ம் ஆண்டுப் போட்டி தொடங்கும் முன்பு, "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். ஏலத்தில் எடுத்த பிறகு தக்க காரணம் இல்லாமல் விலகினால் 2 ஆண்டு தடை என்பது விதி. தடை விழுந்தது.

ஆக, வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் ஆட்டக்காரருக்குத் தண்டனை. சம்மதம் கேட்காமல் மாற்ற அணிக்கு உரிமை இல்லை. இரண்டு பக்கமும் கட்டுப்பாடு இருந்தால்தான் அது ஒப்பந்தம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது விலங்கு!

கையெழுத்துக்கு முன்

இது கோடிக்கணக்கில் சம்பாதிப்பவர்கள் கதைதானே, நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். வீடு வாடகைக்கு எடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறோம். வேலைக்குச் சேரும்போது போடுகிறோம். கடன் வாங்கும்போது போடுகிறோம். எத்தனை நாள்? நடுவில் விலகினால் என்ன? நம்மைக் கேட்காமல் எதை மாற்றலாம்? இவற்றைப் படித்துப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.

அந்தச் செம்பாக்கம் வீட்டுக்குத் திரும்புவோம். அப்பா இவ்வளவையும் எடுத்துச் சொன்னார். பாட்டி கேட்டுக்கொண்டு இருந்தார்.

"அப்போ, கேட்டுட்டுத்தான் மாத்தினாங்க. அப்படின்னா சரி. பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கு அந்தப் பிள்ளை" என்றார்.

பையன் மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லை.

"ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு ஆட வந்தா, நான் இதைத்தான் போட்டுக்கிட்டுப் போவேன். ஜடேஜா சிக்சர் அடிச்சாலும் கை தட்டுவேன்" என்றான்.

"தட்டுடா, தட்டு!" என்றார் பாட்டி.