கட்டிலருகே நிற்கும் மாணவர் எதைக் கவனிக்கிறார்?

வார்ட்டில் மருத்துவ மாணவர்கள் கட்டிலைச் சுற்றி வந்து நின்றால் நம்மில் பலருக்குச் சங்கடம்தான். "எங்கட ஆள வச்சுப் படிக்கிறாங்க" என்று உறவினர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே மாணவர்களைக் கொண்டு நோயாளிக்கான சேவையை மேம்படுத்தும் ஒரு முறையும் உண்டு.

சம்மதம் பெற்ற மாணவர் நோயாளியுடன் சில மணிநேரம் இருப்பார். சிகிச்சை அளிக்க மாட்டார். நடப்பதை மட்டும் குறித்துக்கொள்வார். எவ்வளவு நேரம் காத்திருந்தார்? தொடுவதற்கு முன் கை கழுவப்பட்டதா? மருந்து பற்றிச் சொன்னது விளங்கியதா? குறிப்பில் யாருடைய பெயரும் இருக்காது. இப்படிப் பல குறிப்புகள் சேரும்போதுதான், குறை ஓர் ஊழியரிடமா அல்லது ஒழுங்குமுறையிலா என்பது தெரியவரும்.

கவனித்தலின் பலனுக்கு வரலாறே சாட்சி. 1847இல் வியன்னா பொது வைத்தியசாலையில், மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்ற பிரசவ வார்ட்டில் தாய்மார் அதிகம் இறந்தனர். மருத்துவிச்சிகளின் வார்ட்டில் அவ்வளவு இல்லை. பிரேத பரிசோதனை முடித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வந்த கைகளே காரணம் என்று வைத்தியர் செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த மரணம், சில மாதங்களில் சுமார் 2 ஆகக் குறைந்தது.

நமக்கு இதில் இன்னொரு தேவையும் இருக்கிறது. நீரிழிவு நோயாளியான எனது மாமி ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு வரும்போது, அறிவுரைகள் சிங்களத்தில் சொல்லப்பட்டன. தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். நோன்பு தொடங்கியதும் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டு, அஸருக்குப் பின் சீனி இறங்கி மயங்கினார். மருந்தை யாரும் பிழையாக எழுதவில்லை. விளங்கியதா, நோன்பு பிடிப்பீர்களா என்று கேட்கத்தான் ஆளிருக்கவில்லை. தமிழ் தெரிந்த ஒரு மாணவர் அருகில் இருந்திருந்தால், அந்த இடைவெளி குறிப்பில் பதிவாகியிருக்கும்.

இதற்கு எல்லையும் உண்டு. யாரோ பார்க்கிறார்கள் என்றால் எவரும் கொஞ்சம் கவனமாகத்தான் நடப்பார். ஆகவே ஒரு நாள் பார்வை போதாது. குறிப்புகளைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் உண்மை நிலை மறைந்துவிடும்.

அடுத்த முறை ஒரு மாணவர் அனுமதி கேட்டால் உடனே முகம் திருப்ப வேண்டாம். எதற்காக என்று கேளுங்கள். பெண்கள் மாணவியைக் கோரலாம்; விருப்பமில்லையேல் மறுக்கலாம். சம்மதித்தால், விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்த ஒரு வரி அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் உதவும்.