ஓடப் பழகுவோர்க்கு

தைப்பொங்கலை ஒட்டிய விளையாட்டு விழா நெருங்கும் நாட்களில், சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்கள் பலவற்றில் ஒரு காட்சியைக் காணலாம். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பிரட்டுக்களத்திலோ பாடசாலை முற்றத்திலோ பத்துப் பதினைந்து வாலிபர் கூடுவர். யாரேனும் ஒருவர் கைதட்ட, அனைவரும் வேட்டை நாய்க்குத் தப்பிய முயல்போல் பாய்ந்தோடுவர். இரண்டு சுற்று முடிவதற்குள் பாதிப்பேர் விலாவைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விடுவர். இவ்வாறு இரண்டு வாரம் நடக்கும். விழாவும் நடக்கும், பரிசுகளும் வழங்கப்படும். மறுவாரம் அந்தக் களத்தில் ஆடுகளும் கோழிகளும் மாத்திரமே உலாவிக் கொண்டிருக்கும்.

அடுத்த ஆண்டும் அதே வாலிபர், அதே இரண்டு வாரம், அதே மூச்சிரைப்பு!

இவர்களிடம் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. லயத்திலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து கடைத்தெருவுக்கும் மலையேறி இறங்கிப் பழகிய கால்கள் இவை. பட்டணத்துப் பிள்ளைகள் பணம் கொடுத்துத் தேடும் பயிற்சியில் ஒரு பங்கு நம் பிள்ளைகளுக்குக் குறுக்குப் பாதையிலேயே கிடைத்து விடுகிறது. அப்படியிருந்தும் ஊக்கம் ஏன் இரண்டு வாரத்தில் அணைந்து போகிறது? அவர்கள் சோம்பேறிகள் என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறி விடுகிறார்கள். இதை எழுதுபவனும் வாலிபத்தில் மூன்று முறை ஓடத் தொடங்கி மூன்று முறையும் கைவிட்டவன் ஆதலின், அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஓடும் முறையிலேதான் பிழை இருந்தது என்பதை வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன்.

நம் மாகாணத்தின் கதையொன்றை முதலில் சொல்லுகிறேன். கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலைக்கு அண்மையில் அத்னாவல என்றொரு சிறு கிராமம் உண்டு. 1975ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் தேதி அங்கு ஒரு வறிய குடும்பத்திற் பிறந்த பெண்மணியே சுசந்திகா ஜயசிங்க. இளமையில் அவருக்கு நல்ல பயிற்சிக் கருவிகளோ தேர்ந்த பயிற்சியாளரோ வாய்க்கவில்லை. அத்தகையவர் 1997இல் கிரேக்க நாட்டு அதென்ஸ் நகரில் நடந்த உலக வல்லவர் போட்டியில், 200 மீற்றர் தூரத்தை 22.39 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். புகழ்பெற்ற யமேக்கா வீராங்கனை மெர்லின் ஒட்டி அவருக்குப் பின்னால் 22.40 விநாடியில் வந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் அவர் ஓடிய நேரம் 22.28 விநாடி. மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். 1948இல் இலண்டனில் டங்கன் வைட் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி வென்ற பின்னர், 52 ஆண்டுகளுக்கு அப்பால் இந்நாட்டுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. சிட்னியில் முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் மேரியன் ஜோன்ஸ், தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டமையால் அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு இறுதியில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. தங்கம் பெற்றவருடைய நேரமோ 22.27 விநாடி! இடையிலிருந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கு.

பதக்கத்தை ஒரு புறம் வைத்துவிட்டு அந்த நேரக் கணக்கை மாத்திரம் பாருங்கள். 22.39, பின்பு 22.28. மூன்றாண்டு உழைப்புக்குக் கிடைத்தது விநாடியில் நூறில் பதினொரு பங்கு. உலகின் முதல்வரிசை வீராங்கனைக்கே முன்னேற்றம் இப்படித் துளித் துளியாக வரும்போது, நம் பிள்ளை இரண்டு வாரத்தில் பெரும் மாறுதலை எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தும்? ஆனால் ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. முதல் ஆறு மாதத்தில் அவருடைய நேரம் விநாடிக் கணக்கில் அன்று, நிமிடக் கணக்கிலேயே குறையும். அந்த இன்பம் அவருக்கு மாத்திரமே உரியது. ஒலிம்பிக் வீரருக்கு அது கிடையாது. அதைச் சுவைப்பதற்குள் களத்தை விட்டுப் போகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

மெதுவாக ஓடுதல்

நம்மவர் செய்யும் முதற் பிழை, ஓட்டம் என்றால் ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் ஓடுவது என்று எண்ணுதல். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொருவர் இருந்தார். பாதணித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தம் உடலையே பரீட்சைக் கூடமாக்கி, வேகமில்லாத நீண்ட ஓட்டமே வேகத்துக்கு அடிப்படை என்று கண்டார். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீற்றர் ஸ்னெல்லும் மறே ஹால்பர்க்கும் ஒரே நாளில் தங்கப் பதக்கம் பெற்றபோதுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஸ்னெல் ஓடியது 800 மீற்றர் மாத்திரமே; ஆயினும் அவர் பயிற்சியில் வாரத்துக்கு நூறு மைல் வரை ஓடியவர்.

நூறு மைல் நமக்கு வேண்டாம். அதன் உட்பொருள் வேண்டும். பக்கத்தில் ஓடி வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே பயிற்சி நாட்களில் சரியான வேகம். பேச்சுத் துண்டு துண்டாக வந்தால் வேகம் மிகுந்து விட்டது என்று பொருள். அப்போது நடப்பதில் வெட்கமில்லை. முதல் மாதம் இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தாலே போதுமானது. இத்தகைய மெதுவான ஓட்டத்தில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது; தசைகளினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாண்களும் அவ்வாறல்ல. அவை உறுதிபெற மாதங்கள் செல்லும். ஆகவே இரண்டாம் மாதத்தில், "மூச்சு வாங்கவில்லையே, இன்னும் வேகமாக ஓடுவோம்" என்று தோன்றும். அந்த வேளையில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி கிளம்பும். ஓடத் தொடங்கியவர் பலர் கைவிடுவது அந்த இடத்திலே. வலித்தால் ஒரு வாரம் நடையோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். பல்லைக் கடித்துக் கொண்டு ஓடுவது வீரமன்று.

இளைப்பாறுதலும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதற்கு றோஜர் பனிஸ்டரின் அனுபவத்தைக் காட்டிலும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். இலண்டனில் வைத்தியம் படித்த மாணவர். மதிய உணவு வேளையில் கிடைத்த சிறு ஓய்விலே ஓடிப் பழகியவர். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடுவதற்காக, கால் மைல் தூரத்தைப் பத்து முறை, இடையிடையே இரண்டு நிமிட ஓய்வுடன் ஓடுவார். மாதக் கணக்கில் முயன்றும், ஒவ்வொரு கால் மைலுக்கும் 61 விநாடிக்குக் கீழே இறங்க இயலவில்லை. சலித்துப்போய் நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்கொத்லாந்து மலைகளுக்குச் சென்று, ஓட்டத்தை மறந்து சில நாள் பாறை ஏறினார். திரும்பி வந்து ஓடிப் பார்த்தபோது 59 விநாடி! 1954ஆம் ஆண்டு மே 6ஆந் தேதி ஒக்ஸ்போர்ட்டில் அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். அன்று அவருக்கு முன்னால் ஓடி வேகம் காட்டியவர்கள் அதே பிராஷரும், கிறிஸ் சாட்டவே என்ற மற்றொரு நண்பரும் ஆவர். தனி மனிதனுடைய சாதனையாக நாம் படிக்கும் அதில் மூவருடைய கால்கள் இருந்தன.

நம் மலையும் மழையும்

புத்தகத்தில் உள்ள பயிற்சி அட்டவணைகள் சமதரைக்கு எழுதப்பட்டவை. யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் சமதரைக்கு எங்கே போவது? மலைப்பாதையை நேரத்தால் அளக்க வேண்டுமேயன்றித் தூரத்தால் அளக்கலாகாது. இருபது நிமிடம் ஓடினேன் என்பதே போதும். ஏற்றத்தில் சிற்றடி வைத்து ஏறினால் கால்களுக்கு அதிர்ச்சி குறைவு, பலமோ மிகுதி. வாரத்தில் ஒரு நாள், லயத்துக்கும் இஸ்டோருக்கும் இடையே உள்ள ஒரு சிறு ஏற்றத்தை ஐந்தாறு முறை விரைந்து ஏறி, நடந்து இறங்குவது மிகச் சிறந்த பயிற்சி. இறக்கத்தில்தான் அவதானம் தேவை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடற்பாரத்தைத் தாங்குகிறது. அதனால் வரும் வலி அன்று தெரியாது, இரண்டாம் நாள் படியிறங்கும்போது தெரியும்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவர் இங்கு ஓட முடியாது. தூறலில் ஓடலாம், குற்றமில்லை. அட்டை கடித்தால் சிறிது இரத்தம் போகும், அவ்வளவே. ஆனால் சித்திரை மாதத்திலும் ஐப்பசி மாதத்திலும் பிற்பகலில் இடி மின்னலுடன் வரும் மழை விளையாட்டல்ல. அக்காலத்தில் ஓட்டத்தைக் காலை வேளைக்கு மாற்றிக் கொள்ளுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகையால் அன்று நேரம் கூடினால் மனந்தளர வேண்டாம். உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ தேசிக்காய்ச் சாறோ அருந்துவது நல்லது.

வெறுங்காலோட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. 1960இல் எதியோப்பிய நாட்டு அபேபே பிகிலா ரோமாபுரி வீதிகளில் வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்றது மெய்யே. ஆனால் ரோமாபுரி வீதி வேறு, நம் கான் ஓரம் வேறு. கொக்கிப்புழு பாதத்தோலின் வழியாகவே உடலினுட் புகுகிறது. அதை ஒழிக்க ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் 1916இலேயே இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தனர் என்றால், அக்காலத்தில் அது எத்துணைக் கொடுமையாக இருந்திருக்க வேண்டும்! இந்நாளில் எலிக்காய்ச்சலும் நம் இரு மாவட்டங்களிலும் அடிக்கடி காணப்படுகிறது. காலிற் புண்ணிருந்தால் தேங்கிய நீரிலும் சேற்றிலும் ஓடலாகாது. ஓடியபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், களைப்பு என்று இருந்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விலையுயர்ந்த சப்பாத்து தேவையில்லை. பாதத்துக்குப் பொருந்திய சாதாரணக் கன்வஸ் சப்பாத்தே ஆரம்பத்துக்குப் போதும். பெருவிரலுக்கு முன்னால் அரை விரற்கிடை இடம் இருக்கட்டும்.

இனிப் பெற்றோர்களுக்கு, சிறப்பாகத் தாய்மாருக்கு, ஒரு சொல். பாடசாலைப் போட்டிகளில் ஆண் பிள்ளைகளையும் தோற்கடிக்கும் பெண் பிள்ளை, பருவமடைந்த பின் களத்துக்கு வருவதில்லை. "பெண் பிள்ளை ஓடினால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்ற கேள்வி அவளை லயத்துக்குள்ளேயே நிறுத்தி விடுகிறது. சுசந்திகா அதென்ஸில் வெள்ளி பெற்றபோது அவருக்கு வயது 21. ஜப்பானில் ஒசாக்கா நகரில் 2007இல் உலகப் போட்டியில் மீண்டும் வெண்கலம் வென்றபோது வயது 31. பதினைந்து வயதில் அவரை வீட்டுக்குள் இருத்தியிருந்தால் இந்நாடு இழந்திருக்கக் கூடியது என்னவென்று எண்ணிப் பாருங்கள். தனியே அனுப்ப அச்சமாயின் அண்ணனையோ தங்கையையோ துணைக்கு அனுப்பலாம். அம்மாவே உடன் நடந்தாலும் அம்மாவுக்கும் நல்லதுதான். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மாத்திரம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்த பின் தொடங்குக.

பெண் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப் போவதற்கு இரத்தச் சோகையும் ஒரு காரணமாகலாம். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் எத்தனை பயிற்சி செய்தும் பயனிராது. கீரை, பருப்பு, நெத்தலிக் கருவாடு இவற்றோடு சிறிது தேசிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலிற் சேரும். ஆனால் நம் வழக்கம் என்ன? ரொட்டியைத் தின்ற கையோடு சாயத்தண்ணீர்! தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் அந்த இரும்புச்சத்தை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கிறது. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு தேநீரை விடச் சொல்லவில்லை. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் கழியட்டும் என்றுதான் சொல்லுகிறேன்.

ஊக்கம் குன்றாதிருக்க நான் கண்ட உபாயம் மிக எளிது. ஓர் அப்பியாசக் கொப்பி. ஓடிய நாள், நிமிடம், வானிலை, உடம்பு எப்படியிருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மாதத்தில் ஒரு நாள், ஒரே பாதையில், ஒரே வேளையில், முழு முயற்சியோடு ஓடி நேரத்தைக் குறியுங்கள். மற்ற நாட்களில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இக்காலத்துக் கைப்பேசி தூரத்தைத் தானே சொல்லுகிறது; எனினும் மரஞ்செறிந்த மலைவளைவுகளில் அது சில வேளை பிழைபடும். துவிச்சக்கர வண்டி இருந்தால், சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, வால்வு எத்தனை முறை கீழே வருகிறது என்று எண்ணிக்கொண்டே தள்ளிச் சென்றால் பாதையின் நீளம் கிடைத்து விடும். இரண்டு சிறுவர்களை எண்ணச் சொல்லுங்கள், கணக்குப் பாடமுமாயிற்று.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஓடி ஈடுசெய்ய முற்படாதீர்கள். ஒரு வாரமே தவறினாலும் கொப்பியில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரியில் தொடங்கலாம். என்னுடைய நான்காவது முயற்சியின் கொப்பியில் அத்தகைய கோடுகள் பதினேழு உண்டு. அடைமழையில் நனைந்து மை கரைந்துபோன பக்கங்களும் சில உண்டு. அவற்றில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போது எனக்கே வாசிக்கத் தெரியவில்லை.