பனி நாட்டுக் குடும்பங்கள்



ஜப்பான் என்றதும் சுங்காய் வட்டாரத் தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லிச் சென்றது சயாம் மரண இரயில் கதையைத்தான். 1942, 43ஆம் ஆண்டுகளில் கித்தாக் காடுகளிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் பல்லாயிரம் பேர். அதை மறந்துவிட்டு நாம் பேச வரவில்லை. ஆனாலும், அந்நாட்டுச் சாதாரணக் குடும்பங்கள் பனிக்காலத்தை எவ்வாறு கழிக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டால் விடை சொல்ல வேண்டுமல்லவா?

நமக்கு ஏது பனிக்காலம் என்பீர்கள். பால்மரத்துக்கு உண்டே! பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அது இலை உதிர்க்கும். பால் குறையும், நிறுவையில் எடை குறையும், கைக்காசும் குறையும். இன்று பல தோட்டங்களில் செம்பனை நின்றாலும், அந்த இரண்டு மாதக் கஷ்டம் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஜப்பானின் வடக்கிலும் மேற்குக் கரையிலும் உள்ள உழவர்களுக்கு இந்தக் கஷ்டம் நான்கைந்து மாதம் நீண்டது.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலையில் மோதியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு அப்பால் தோக்கியோவில் வெயில் காயும். இப்பால் கூரையேறிப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். வயல் மூடிக்கிடக்கும்போது வருமானம் ஏது? ஆகவே 1960, 70ஆம் ஆண்டுகளில் ஆண்கள் கூட்டங்கூட்டமாய் நகரங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். இதைத் 'தெகாசெகி' என்பர். பெரிய நகரங்களின் சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது. பனி உருகி நடவு தொடங்கும்போதுதான் பல வீடுகளில் தகப்பன் முகத்தைப் பார்க்க முடிந்தது. அழகான பனிப் படங்களைப் பார்க்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஊரிலேயே இருந்தவர்கள் சிலர் அரிசியும் மிசோவும் மூட்டை கட்டிக்கொண்டு வெந்நீர் ஊற்றுகளுக்குப் போய், தாமே சமைத்துச் சாப்பிட்டு, நாள்கணக்கில் தங்கி உடல்வலி தீர்த்துக்கொண்டனர். வெந்நீர் ஊற்று நமக்குப் புதிதன்று. சுங்காய்க்குப் பக்கத்தில் திரோலாக்கில் ஒன்று இருக்கிறது. உலு சிலிமில் முட்டையே அவித்துவிடலாம். ஜப்பானியரிடம் நாம் கற்க வேண்டிய ஒரு வழக்கம் உண்டு. முதலில் வெளியே சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்து, அழுக்கைப் போக்கிய பிறகுதான் ஊற்று நீரில் இறங்குவார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பொது என்பதே காரணம். டிசம்பர் 22ஆம் நாளையொட்டி, பகல் மிகக் குறுகிய தினத்தில், வீட்டுக் குளியல் தொட்டியில் 'யூசு' என்னும் எலுமிச்சை இனப் பழத்தை மிதக்கவிட்டுக் குளிப்பதும் உண்டு.

1873 முதல் ஜப்பானில் சனவரி முதல் நாளே புத்தாண்டு. டிசம்பரில் வீடு முழுவதையும் துடைத்துக் கழுவுகிறார்கள். நம் போகி மாதிரிதான். புளூட் அரிசியை அவித்து, உரலிலிட்டு, மரச் சம்மட்டியால் இடித்து 'மோச்சி' செய்கிறார்கள். அது பசைபோல் ஒட்டும். முதியவர்கள் தொண்டையில் சிக்கி உயிருக்கே ஆபத்தாவதால், சிறு துண்டாக நறுக்கிக் கொடுக்கும்படி ஆண்டுதோறும் எச்சரிக்கை விடப்படும். முப்பத்தொன்றாம் தேதி இரவு பௌத்தக் கோயில்களில் மணி 108 முறை ஒலிக்கும். விடிந்ததும் கோயில் வழிபாடு. நம்மவர் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் திரள்வதுபோல் கூட்டம். பிள்ளைகளுக்குச் சிறு உறையில் பணம் கிடைக்கும். நம் ஊர் அங்பாவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்துண்ட வயிறு இளைப்பாற, ஏழாம் தேதி ஏழுவகைக் கீரை போட்ட கஞ்சி. எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கஞ்சி வழக்கந்தான்!

பனியை விளையாட்டாக்கியவர்கள் மாணவர்கள். 1950இல் சப்போரோ நகரப் பூங்காவில் அவர்கள் ஆறு பனிச் சிலைகள் செய்து வைத்தார்கள். இன்று அது உலகமே பார்க்க வரும் பிப்ரவரித் திருவிழா.

பிப்ரவரி 3ஆம் தேதியையொட்டி வறுத்த சோயாப் பயற்றை வீசி, "பேயே வெளியே போ, நன்மையே உள்ளே வா" என்று கூவுவார்கள். பெரும்பாலும் அப்பாதான் பேய் முகமூடி போட்டுக்கொண்டு அடி வாங்குவார். பிறகு அவரவர் வயதுக்குத் தக்கபடி பயற்றை எண்ணித் தின்ன வேண்டும். எண்பது வயதுப் பாட்டிக்கு எண்பது பயறு. பல் இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் உதவிக்கு வரட்டும்.